பதினோரு நிமிடமும் இருபத்துமூன்று கேள்விகளும்

ராஜபாளையம்
6 ஜனவரி 2025, திங்கள்

ஈஸ்வரிக்கு,

நலம் விசாரித்து எழுதினால் அதிலும் ஏதோ உள்நோக்கம் இருக்கிறதென்று நீ தேடுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ என் நம்பரை பிளாக் செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஊருக்கெல்லாம் வைஃபை போட்டுக் கொடுக்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் நாம் இரண்டு பேரும் கடைசியில் காகிதத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். இந்தக் கடிதத்தை வில்லிபுத்தூர் கிளைக்கு வரும் கேபிள் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இசக்கிமுத்து அண்ணன் கம்பெனி வண்டியில் கொண்டு வந்து தருவார். பெட்டியை நானே ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்து கிழிந்திருந்தால் யாரோ படித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்.

காலையில் வைகுண்டராஜ் சார் கூப்பிட்டார். வில்லிபுத்தூரில் புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரிக்கு நாம் வைஃபை போட வேண்டுமென்றால், வயர்லெஸ் நெட்வொர்க்கிங் சான்றிதழ் வாங்கியவர் ஒருவராவது கம்பெனியில் இருக்க வேண்டுமாம். பிப்ரவரி முடிவதற்குள் காட்ட வேண்டும். மதுரையில் தேர்வு. அறுபது கேள்வி, தொண்ணூறு நிமிடம், எழுபது சதவீதம் எடுத்தால் பாஸ். சார் ஒரே ஒருவருக்குத்தான் பதிவு செய்வார். அது நீயா நானா என்று நாமே முடிவு செய்து இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். போகிறவர் ஃபெயிலானால் ஆஸ்பத்திரி வேலை கிடைக்காது, வில்லிபுத்தூர் கிளையையும் மூடிவிடுவேன் என்றார். கிளை என்றால் அங்கே இருப்பது நீ ஒருத்திதான்.

சார் சொல்லிப் போன வாரம் நாம் எழுதிய மாதிரித் தேர்வில் நீ தொண்ணூற்றைந்து, நான் அறுபத்தொன்று. சார் அதை ஆபீஸில் எல்லாரும் இருக்கும்போது வாசித்தார். நீ வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்தத் தொண்ணூற்றைந்து எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. சோழபுரம் மில்லுக்கு நாம் ஞாயிற்றுக்கிழமை போய் வைஃபை சிக்னல் சர்வே எடுத்தது கம்பெனியில் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அது சார் காதுக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ அழுவாய், உடனே என் வீட்டுக்காரர், உன் அண்ணன், ஜோத்பூர் ராணுவ முகாமில் இருந்துகொண்டு என்னை விசாரிப்பார்.

ஆனந்தவல்லி


ஸ்ரீவில்லிபுத்தூர்
8 ஜனவரி, புதன்

மதினிக்கு,

டேப் கிழியவில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு டேப் ஒட்டிப் பிரித்த தடம் இருக்கிறது. அது நீங்கள் செய்ததா, வேறு யாராவதா என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதில் பாதி எனக்கு, பாதி சாருக்குக் காட்ட என்றுதான் தோன்றுகிறது.

கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நானும் கேட்கிறேன். அந்தப் பஞ்சுக் குடோனில் எட்டு இடத்தில் ஏணி போட்டு ஏறியது நான். கீழே ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள். வைஃபை பரப்புகிற ஆக்சஸ் பாயின்ட் எட்டையும் மாட்டிய நாலாம் நாளே, பொதிகளைக் கணக்கெடுக்கிற ஸ்கேனரில் இணைப்பு விட்டுவிட்டுப் போகிறது என்று மில்லில் இருந்து புகார் வந்தது. சார் என்னைக் கூப்பிட்டு முதல் வார்த்தையே, "லீவு நாள்ல வேடிக்க பாக்கப் போனியளோ?" என்றார். நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அப்படியானால் சொன்னது யார் மதினி? அதற்காகத்தான் பிளாக் செய்தேன்.

தொண்ணூற்றைந்து என் சொந்த மார்க். கம்பெனி லாகின் இரண்டு பேருக்கும் பொதுதான். நீங்களே திறந்து பார்க்கலாம். நான் உங்களுடையதைத் திறந்து பார்த்துவிட்டேன். அறுபது கேள்வியில் நீங்கள் பதில் போட்டது முப்பத்தேழு. முப்பத்தேழும் சரி. மீதி இருபத்துமூன்றை நீங்கள் தொடவே இல்லை. தெரியாமல் எழுதுகிற ஆள் நாலு இடத்திலாவது தப்பாகப் போட்டிருப்பார். ஆறு வருஷமாக ராஜபாளையத்து மில் ஒன்று விடாமல் ஏறி இறங்கிய உங்களுக்கு, இருபத்துமூன்று கேள்விக்கு ஒரு குத்துமதிப்பான பதில்கூடவா வரவில்லை?

வேண்டுமென்றே விட்டிருக்கிறீர்கள். நான் மதுரைக்குப் போய் ஃபெயிலாக வேண்டும், கிளையை மூட வேண்டும், நான் மம்சாபுரம் வீட்டில் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு அம்மா ஒரு மாதம்கூடக் காத்திருக்க மாட்டாள், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவாள். உங்கள் திட்டம் இதுதானா என்று நேராகச் சொல்லுங்கள்.

ஈஸ்வரி


ராஜபாளையம்
10 ஜனவரி, வெள்ளி

ஈஸ்வரிக்கு,

அடி டேப் என்னுடையதுதான். முதலில் கோணலாக ஒட்டினேன், பிரித்து மறுபடி ஒட்டினேன். கோணலாக ஒட்டுவதுகூட உன் ஊரில் குற்றமாகிவிட்டது.

நீ என் பக்கத்தைத் திறந்து பார்த்தாய். நான் உன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மார்க்கை யாரும் பார்ப்பார்கள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அறுபது கேள்வியையும் நீ முடிக்க எடுத்துக்கொண்டது பதினோரு நிமிடம். ஒரு கேள்விக்குப் பதினோரு விநாடி. அந்த நேரத்தில் கேள்வியைப் படிக்கவே முடியாது, யோசிப்பது எங்கே? விடைத்தாள் எங்கேயோ விலைக்குக் கிடைத்திருக்கிறது என்று நான் நினைத்தால் அதில் என்ன தப்பு?

சண்டை வேண்டாம். நீ தேர்வுக்குத் தயாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறேன். இத்துடன் பத்துக் கேள்வி என் கையால் எழுதித் தமிழிலேயே அனுப்புகிறேன். எந்த வலைத்தளத்திலும் இவை கிடையாது. பதிலும் உன் கையால் எழுத வேண்டும், ஏன் என்ற காரணத்தோடு. நீ எழுதி முடிக்கிற வரைக்கும் இசக்கிமுத்து அண்ணன் எதிரே உட்கார்ந்திருப்பார். உன் போன் அவர் சட்டைப் பையில் இருக்கும். ஒரு மணி நேரம். முடித்ததும் தாளின் அடியில் அவர் நேரம் குறித்துக் கையெழுத்துப் போடுவார்.

மனசில் ஒளிவு இல்லாவிட்டால் எழுது.

ஆனந்தவல்லி


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 ஜனவரி, சனி

மதினிக்கு,

எழுதிவிட்டேன். தாள் உள்ளே இருக்கிறது. நாற்பது நிமிடத்தில் முடித்தேன். இசக்கிமுத்து அண்ணன் அதற்குள் இரண்டு டீ குடித்தார். "ஏத்தா, ஒரு போனப் போட்டுப் பேசுனா முடிஞ்சு போற விஷயத்துக்கு எம்புட்டுக் காயிதம்? வண்டியில லோடு அப்படியே கெடக்கு" என்றார். நீங்கள் போலீஸ்காரர் மகள், இப்படித்தான் செய்வீர்கள் என்று சொன்னேன். அதையும் உங்களிடம் சொல்லுவார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

விடைத்தாள் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மறக்க மாட்டேன். நான் வேகமாகப் படிப்பேன், அவ்வளவுதான்.

அந்த இருபத்துமூன்றைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதையும் கவனித்தேன்.

ஈஸ்வரி


ராஜபாளையம்
18 ஜனவரி, சனி

ஈஸ்வரி,

பொங்கலுக்கு மம்சாபுரம் வந்தபோதே உன் தாளைத் திருத்தி முடித்திருந்தேன். அது என் கைப்பையில்தான் இருந்தது. நீ எனக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்தாய், காப்பி கொடுத்தாய், கண் மட்டும் என் பையைவிட்டு நகரவில்லை. அத்தை நம் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நாளும் அதுவுமாக எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பத்துக்கு நாலு. சரியான நாலும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய எண்கள். எந்தச் சேனல், எத்தனை மீட்டர், அந்த மாதிரி. ஏன் என்று கேட்ட ஆறும் போய்விட்டது.

பத்தாவது கேள்வியை நினைவிருக்கிறதா? "காலிக் குடோனில் நன்றாக இருந்த சிக்னல், பஞ்சுப் பொதி அடுக்கிய பிறகு ஏன் செத்துப்போகிறது?" அதற்கு நீ எழுதியிருக்கும் பதில்: "மேற்கண்ட அனைத்தும்."

மேலே என்ன கண்டாய் ஈஸ்வரி? நான் கொடுத்த கேள்விக்கு மேலே ஒன்பதாவது கேள்விதான் இருக்கிறது. நான் அ, ஆ, இ, ஈ என்று எதையும் கொடுக்கவில்லை. முதலில் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. நீ விடைத்தாள் வாங்கவில்லை என்று இப்போது நம்புகிறேன், வாங்கியிருந்தால் இவ்வளவு வெகுளியாக மாட்டிக்கொள்ள மாட்டாய். ஆனால் நீ வேறு என்னவோ செய்திருக்கிறாய். அதைச் சொல். சொல்லாமல் உன்னை மதுரைக்கு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனந்தவல்லி


ஸ்ரீவில்லிபுத்தூர்
22 ஜனவரி, புதன்

மதினி,

அந்த வரியைப் படித்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். ஜோத்பூரில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போடவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

அந்த ஒரு மாதிரித் தேர்வையே பதினேழு தடவை எழுதினேன். முதல் தடவை எனக்கு நாற்பத்தெட்டு. அதை யாருக்கும் தெரியாமல் என் சொந்த லாகினில் எழுதினேன். மறுநாள் அறுபது. அப்புறம் எழுபத்துமூன்று. மார்க் ஏற ஏற எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று நானே நம்பினேன். கடைசியில் முதல் மூன்று சொல்லைப் பார்த்தாலே எந்த வட்டத்தில் குறிக்க வேண்டும் என்று விரல் போய்விடும். பதினெட்டாவது தடவைதான் ஆபீஸ் லாகினில் எழுதியது. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. ஏமாந்தது நான்தான் முதலில்.

இன்றைக்குக் காலையில் அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறி சோழபுரம் மில்லுக்குப் போனேன். குடோனுக்குள் நடக்கவே வழியில்லை, கூரைத் தகரம் தொடுகிற உயரத்துக்குப் பொதி. நாம் அளந்த அதே இடத்தில் நின்று அளந்தேன். அன்றைக்கு சிக்னல் மைனஸ் ஐம்பத்தெட்டு. இன்றைக்கு மைனஸ் எண்பத்திரண்டு. மைனஸ் எழுபதைத் தாண்டினாலே சிக்னல் மெலிந்து அந்த ஸ்கேனர் திணறும். பொதியில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று ஈரம் தெரிந்தது, சிக்னலைக் குடிப்பது அந்த ஈரம்தான். அங்கே பொதி அடுக்குகிற வெள்ளைத்தாயம்மா, "நீங்க வந்த அன்னைக்கு குடோன் மொட்டையால்ல கெடந்துச்சு. பஞ்சு வந்தப் பொறவுதான் இந்த மிசினு மக்கர் பண்ணுது" என்றார். உங்கள் பத்தாவது கேள்விக்கு முழுப் பதிலை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் பதினெட்டுத் தடவை எழுதியும் எனக்கு வரவில்லை.

அப்புறம் சூப்பர்வைசர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நாம் கொடுத்த சர்வே வரைபடம் இருந்தது. கீழ் மூலையில் பொடி எழுத்தில் தேதி, நேரம், கிழமை எல்லாம் அந்த சாஃப்ட்வேரே அச்சடித்திருக்கிறது. 17 நவம்பர், ஞாயிறு. சாரிடம் இருக்கும் நகலிலும் அதுதான் இருக்கும். சாரிடம் யாரும் சொல்லவில்லை மதினி. நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளே சொல்லியிருக்கிறது. ஒன்றரை மாதம் நான் உங்களைத் திட்டாத திட்டில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் நம்பரையும் திறந்துவிட்டேன்.

நான் தயாராக இல்லை. ஆனால் இருபத்துமூன்று கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் என் குட்டை உடைத்துவிட்டேன். உங்கள் முறை.

ஈஸ்வரி


ராஜபாளையம்
25 ஜனவரி, சனி

ஈஸ்வரி,

நம்பரைத் திறந்தது தெரிந்தது. இரண்டு தடவை உன் பெயர் வரைக்கும் போய்விட்டுக் கூப்பிடாமல் வந்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்குக் காகிதம்தான் வசதி.

அந்த இருபத்துமூன்றை நான் விடவில்லை. அங்கே போய்ச் சேரவில்லை. முப்பத்தேழாவது கேள்வியில் தொண்ணூறு நிமிடம் முடிந்துவிட்டது.

எனக்கு இங்கிலீஷ் ஓடாது. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்தேன், பாலிடெக்னிக்கில் மனப்பாடம் செய்து கரையேறினேன். சைட்டில் வேலை பார்க்க இங்கிலீஷ் வேண்டாம், சுவரைப் பார்த்தால் போதும். தேர்வில் ஒரு கேள்வி என்றால் ஆறு வரிக் கதை. ஒரு தடவை படித்தால் சொல் தெரிகிறது. இரண்டாவது தடவையில் வாக்கியம் தெரிகிறது. மூன்றாவது தடவையில்தான் என்ன கேட்கிறான் என்றே தெரிகிறது. தெரிந்ததும் பதில் சட்டென்று வந்துவிடும். உன் அண்ணனுக்குக்கூட இது தெரியாது. மெயில் எழுதும்போதெல்லாம் போனில் தமிழில் பேசி, அது மொழிபெயர்த்ததை எடுத்து ஒட்டுவேன். நீ கான்வென்ட்டில் படித்தவள். நாத்தனார் முன்னால் இதைச் சொல்வதைவிட, நான் எதையோ மறைத்துச் சதி செய்கிறேன் என்று நீ நினைப்பதே மேல் என்று இருந்துவிட்டேன்.

இதோடு முடித்திருக்கலாம். பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

நவம்பரில், "ஞாயித்துக்கெழம போவோம் மதினி, அன்னைக்கு மிசின் சத்தமும் பஞ்சுத் தூசியும் இருக்காது" என்று நீ சொன்னாய். பஞ்சு லோடு திங்கட்கிழமைதான் வருகிறது, காலிக் குடோனில் அளந்தால் செல்லாது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். வெள்ளைத்தாயம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? உன் அம்மாவும் அண்ணனும் உன் படிப்பைப் பேசிப் பேசி எனக்குச் சலித்துப்போயிருந்தது. ஒரு தடவை இவள் சறுக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். கையெழுத்து என்னுடையதும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. நீ என்னைச் சந்தேகப்பட்டது தப்பில்லை ஈஸ்வரி, தப்பான இடத்தில் சந்தேகப்பட்டாய்.

நீயே போ. இன்னும் சில வாரம் இருக்கிறது, காரணங்களை நான் சொல்லித் தருகிறேன்.

ஆனந்தவல்லி


ஸ்ரீவில்லிபுத்தூர்
29 ஜனவரி, புதன்

மதினி,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அன்றைக்கு நான் இருபதடி உயரத்தில் நின்றபோது, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதை இப்போது தெரிந்துகொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது என்பதையும் யோசித்தேன். அதனால்தான் ஐந்தாவது தாளைக் கிழிக்கவில்லை.

சாரிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி 18, செவ்வாய், காலை பத்து மணி. பாசத்தில் கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு விஷயம் தெரியும், வேகம் இல்லை. எனக்கு வேகம் இருக்கிறது, விஷயம் இல்லை. மூன்று வாரத்தில் வேகம் வரும். குடோனும் சுவரும் பஞ்சும் அவ்வளவு சீக்கிரம் என் தலைக்குள் வராது. இதில் என் வேலைதான் போகும் அல்லது நிற்கும் என்பதைத் தெரிந்துதான் கொடுத்தேன். சறுக்கட்டும் என்று மறுபடி உங்களுக்குத் தோன்றினால் இது நல்ல சந்தர்ப்பம்.

நாளையில் இருந்து தினமும் பெட்டிக்குள் பத்துக் கேள்வி வரும். இங்கிலீஷில், நீளமாக, என் கையெழுத்தில். ஒன்று வந்தது மறுபடி வராது, என்னை மாதிரி நீங்களும் மனப்பாடம் செய்துவிடக் கூடாது. பத்துக்குப் பதினைந்து நிமிடம். இசக்கிமுத்து அண்ணன் வாட்சைப் பார்ப்பார், உங்கள் போன் அவர் பையில் இருக்கும். முதலில் கடைசி வரியைப் படியுங்கள், கேள்வி அங்கேதான் இருக்கும், மேலே இருப்பதில் பாதி வெறும் கதை. தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விட்டது ஒன்றிருந்தாலும் தாளைத் திருப்பி அனுப்புவேன்.

போனில் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் தமிழில் பேசிக்கொண்டிருப்போம், அந்த நேரத்துக்கு நீங்கள் ரெண்டு கேள்வி படிக்கலாம்.

ஈஸ்வரி


ராஜபாளையம்
18 பிப்ரவரி, செவ்வாய்

ஈஸ்வரி,

மதுரையில் இருந்து இப்போதுதான் வந்தேன். நீ நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாய். எடுக்கவில்லை. போனில் சொன்னால் நீ நம்ப மாட்டாய், நானும் உன் இடத்தில் இருந்தால் நம்ப மாட்டேன். இசக்கிமுத்து அண்ணனை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். "இன்னைக்கும் காயிதமாத்தா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

உன் பத்தொன்பது பெட்டிக்கும் பலன் இருந்தது. முதல் நாள் பத்துக் கேள்விக்கு எனக்கு இருபத்தாறு நிமிடம், நீ தாளை முகத்தில் எறியாத குறையாகத் திருப்பி அனுப்பினாய். நேற்றுப் பதினாலு. இன்றைக்கு அந்த அறையில் நாற்பத்தைந்தாவது கேள்வி மூன்று தடவை படித்தும் புரியவில்லை, விட்டுவிடலாமா என்று பார்த்தேன். நான் விட்டால் நீ வேண்டுமென்றே விட்டதாகத்தான் நினைப்பாய் என்று தோன்றியதும் ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். அன்பான ஒரு நாத்தனார் இருந்திருந்தால் நான் ஃபெயிலாகியிருப்பேன்.

எழுபத்தெட்டு. பாஸ். விட்டது ஒன்றுகூட இல்லை. ரிசல்ட் தாளின் நகல் உள்ளே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கீழ் மூலையைப் பார், தேதியும் நேரமும் அச்சடித்திருக்கிறார்கள்.

சாரிடம் நேரிலேயே கொடுத்தேன். அவர் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் போன் போடப் போனார். அதற்குள், சோழபுரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போனது தப்பென்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் போனேன், ஈஸ்வரிக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் போனைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப நீயே போயிச் சரி பண்ணு" என்றார். உன்னையும் கூட்டிப்போக அனுமதி கேட்டு வாங்கினேன். கிளையை மூட மாட்டார்.

நாளைக்குப் புதன்கிழமை. குடோன் நிறைந்திருக்கிறதா என்று வெள்ளைத்தாயம்மாவிடம் கேட்டுவிட்டேன், மூச்சு விட இடமில்லை என்றார். எட்டு ஆக்சஸ் பாயின்ட்டையும் கழற்றி, பொதி அடுக்கியிருக்கிறபடியே அளந்து, மறுபடி மாட்ட வேண்டும். காலை எட்டு மணிக்கு மில் வாசலுக்கு வந்துவிடு. மூக்குக்குத் துணி கொண்டு வா, தூசி தாங்காது.

ஏணியை இசக்கிமுத்து அண்ணன் கொண்டு வருகிறார். இந்தத் தடவை நான் ஏறுகிறேன். நீ கீழே நின்று பிடி.

மதினி